கைத்தையல் போர்வைப் பரிசும் கொழும்புப் புழுக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி நெருங்கியதும், பிறகு தை பிறந்து கலியாண நாட்கள் வரிசைகட்டியதும், உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கங்களில் ஒட்டுத்துணிப் போர்வைகளின் வண்ணப் படங்கள் வரத் தொடங்கிவிடும். உறவினருக்கும் நண்பருக்கும் உங்கள் கையாலேயே தைத்துக் கொடுங்கள் என்று ஒரு தலைப்பு, கீழே ஐந்தாறு வரி. படத்தில் குறையில்லை. எத்தனை துண்டு, எந்த அளவு, எத்தனை மீற்றர், நடுவில் என்ன வைப்பது என்ற விபரம்தான் இருப்பதில்லை. அந்தப் படத்தை நம்பித் துணியை வெட்டிவிட்டுப் பாதியில் மூட்டைகட்டி வைத்தவர்கள் இந்த ஊரில் பலர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இந்த வேலையைச் செய்துவரும் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. கொஞ்சம் நீளும், அளவு எழுதப் புகுந்தால் சுருக்க முடியாது.

முதற் குறை, படங்கள் எல்லாம் குளிர்நாட்டுப் போர்வைகளுடையவை. கொழும்பில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 22 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. காற்றில் ஈரம் வேறு. பஞ்சு அடைத்துப் பொம்மென்று தைத்த போர்வையை இங்கே யார் போர்த்துவார்கள்? கொடுத்தவரின் மனம் நோகக்கூடாது என்று விரித்துப் பார்த்து, புகழ்ந்து, மடித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார்கள். ஆகவே நிறத்தைப் பற்றி யோசிக்குமுன், இந்தப் போர்வை எந்த ஊரில், எந்தக் கட்டிலில் விரியப் போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஃபான் காற்றில் படுப்பவருக்கு நடுத்துணியே தேவையில்லை. துண்டுகள் சேர்த்த மேற்துணி ஒன்று, அடித்துணி ஒன்று, இரண்டையும் பிடித்துக்கொள்ளும் தையல், அவ்வளவுதான். ஏசி அறையென்றால் நடுவில் ஒரு அடுக்கு ஃபிளனல், அல்லது பலமுறை துவைத்து மெதுவாகிப்போன பருத்திக் கட்டில்விரிப்பு. நுவரெலியா, ஹட்டன் பக்கம் போவதற்கு மட்டுமே வாடிங், அதாவது போர்வைக்கென்று விற்கும் பஞ்சுத் தகடு வைக்கலாம். அதிலும் சதுர மீற்றருக்கு 100 கிராம் நிறையுள்ளது போதும். கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறவர்கள் அங்கே குளிர்தானே என்று 200, 300 கிராம் வாடிங்கைத் தேடுகிறார்கள். அங்கே வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுகிறது, கட்டிலில் கனத்த போர்வை ஏற்கெனவே இருக்கிறது. நம்முடையது அதற்கு மேலே விரிக்கவும் சோபாவில் காலில் போட்டுக்கொள்ளவும்தான் பயன்படும். போதாததற்கு, தடித்த வாடிங் பயணப் பெட்டியில் பாதியை விழுங்கிவிடும். ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை ஃபிளனல் நடுத்துணியோடு ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறக்கோட்டையில் குஷனுக்கு விற்கும் தடித்த பொலியெஸ்டர் பஞ்சுத் தகட்டை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். மெஷினின் பாதத்துக்குக் கீழே அது புகாது. புகுந்தாலும் தையல் பள்ளம் பள்ளமாக விழும். நெசவு நெருக்கமில்லாத துணியில் அதன் இழைகள் வெள்ளை மயிர்போல வெளியே தலைகாட்டும். கருநீலத் துணியில் இது எட்ட நின்றே தெரியும். பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இழைகள் இறுகப் பிடிக்கப்படாத பருத்தி வாடிங்குக்கு வேறு பலவீனம் உண்டு: தையல் வரிகளுக்கிடையே இரண்டு, மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் சில துவைப்புகளிலேயே பஞ்சு திரண்டு கட்டியாகிவிடும்.

அடுத்தது துணி. எல்லாத் துண்டும் பருத்தியாகவும் ஏறக்குறைய ஒரே கனமாகவும் இருக்கட்டும். பொப்ளின், சீத்தை, சேர்ட் துணி, மெல்லிய கைத்தறி ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். டெனிமுக்குப் பக்கத்தில் வொயிலைத் தைத்தால் டெனிம் இழுக்கும், வொயில் தையலோரமாகக் கிழியும். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலும் மகரகமைக்குப் பக்கத்தில் பமுனுவவிலும் வெட்டுத்துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மூட்டையாக வாங்கும்போது கவனம் வேண்டும். இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் உள்ளாடையும் விளையாட்டு உடையும் பெரும் பங்கு என்பதால், ஆடைத் தொழிற்சாலைக் கழிவில் இழுபடும் பின்னல் துணி நிறையவே கலந்திருக்கும். இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டு திரும்பினால் ஒதுக்கிவிடுங்கள். பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நான்கு இழை உருவி, இடுக்கியால் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த மணியாக இறுகும். இரண்டும் சேர்ந்த துணியில் சாம்பலும் இருக்கும், விரலில் நெருடும் கட்டியும் இருக்கும்.

பழைய உடுப்புகள் இந்த வேலைக்கு மிக நல்லவை. சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயம் போய், மெதுவாகி வந்திருக்கும். பெரிய ஆளின் சேர்ட் ஒன்றின் முதுகுப்புறத்திலிருந்து மட்டும் 5 அங்குலச் சதுரம் 16 எடுக்கலாம். கொலர், கைப்பட்டி, பொத்தான் பட்டி, பொக்கற்றுக்குக் கீழ்ப்பகுதி இவற்றை விட்டுவிடுங்கள். பொக்கற்றைக் கழற்றிய இடம் வேறு நிறத்தில் தெரியும். சாரத்தில் மடிப்பு விழுந்த இடம் தேய்ந்திருக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் யன்னல் தெரிகிற இடத்தையெல்லாம் வெட்டி எறியத்தான் வேண்டும். ரீசேர்ட்டைச் சேர்த்தே தீர வேண்டுமென்றால் அயன் சூட்டில் ஒட்டும் கான்வஸ் துணியைப் பின்னால் வைத்து மினுக்கிய பிறகே சதுரம் வெட்டுங்கள். முதலில் வெட்டிவிட்டு ஒட்டினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

புதுத் துணி வாங்கினால் வெட்டுமுன் துவையுங்கள். பருத்தி முதற் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் போர்வை முழுவதும் சுருக்கம் விழும். சாயம் இன்னும் பெரிய வில்லங்கம். சிவப்பு, கருநீலம், கறுப்பு, பத்திக் வகைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஈரமாக்கிய துண்டை வெள்ளைத் துணியில் வைத்து, அதற்கு மேலே இன்னொரு வெள்ளைத் துணியை வைத்து, சூடான அயனால் அழுத்துங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் பயமில்லை. உப்பிலோ வினாகிரியிலோ ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். கடையிலிருந்து வந்த பருத்தித் துணியில் பிடிக்காமல் நிற்கும் சாயத்தை அவை கட்டிவிடாது. சூடான தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசி வெளியேற்றுவதே வழி. மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் தண்ணீர் சிவக்கிறதென்றால் அந்தத் துணியைத் தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

இனி அளவு. பழகாதவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒரேயொரு கணக்கு: ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டுங்கள், நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய், தைத்த பிறகு ஆறு அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 13, மொத்தம் 130 சதுரம். முடிந்த போர்வை 60க்கு 78 அங்குலம். ஒற்றைக் கட்டிலுக்குச் சரி. 44 அங்குல அகலத் துணியில் கரையை நீக்கினால் குறுக்கே 6 சதுரம் வரும். 22 வரிசை வெட்ட வேண்டும், அதாவது எல்லா நிறமும் சேர்த்து 143 அங்குலம். வீண் போவதோடு 4 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிறம் என்றால், துவைப்பில் சுருங்குவதையும் சேர்த்து, நிறத்துக்கு 60 சென்ரிமீற்றர் வாங்குங்கள். அடித்துணி எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக, 66க்கு 84 அங்குலம் இருக்க வேண்டும். 44 அங்குலத் துணியை 84 அங்குல நீளமாக இரண்டு வெட்டி நெடுக்காக இணைத்தால் நாலரை மீற்றர் வேண்டும், 66 அங்குல நீளமாக இரண்டு வெட்டிக் குறுக்காக இணைத்தால் மூன்றரை மீற்றரே போதும். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அடித்துணிக்கு இதைவிட நல்ல வழி ஒரு பருத்திச் சேலை. ஐந்தரை மீற்றரில் 66 அங்குல நீளமாக இரண்டு வெட்டிக் குறுக்காக இணைத்தால் அடித்துணி முடிந்தது. மிஞ்சும் இரண்டு மீற்றருக்குச் சற்று அதிகமான துணியில் ஓரப்பட்டி முழுவதும் வந்துவிடும். கட்டில்விரிப்பை அடித்துணியாக்குவோர், மெஷினில் தைப்பதென்றால் தாராளமாகச் செய்யலாம். கையால் தைப்பவர்கள் வேண்டாம். அதன் நெசவு இறுக்கம். ஊசியை ஒவ்வொரு தடவையும் தள்ளித் தள்ளி விரல் நுனி புண்ணாகிவிடும்.

துணியில் வைத்துக் கீறும் அச்சுச் சதுரத்துக்குக் கார்ட்போர்ட் எடுக்க வேண்டாம். இருபது முப்பது தடவை பென்சில் ஓடியதும் அதன் மூலைகள் மழுங்கி, ஒவ்வொரு சதுரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கும். பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டி வைத்துக்கொண்டால் தேயாது. துணியின் நூல் ஓடும் வாட்டத்துக்கு நேராகவே சதுரத்தின் பக்கங்கள் இருக்க வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய துண்டு கையில் எடுத்ததுமே நீளும், மினுக்கினால் இன்னும் நீளும்.

இந்த வேலையில் எல்லோரும் தோற்பது கால் அங்குலத்தில்தான். கால் அங்குலம் என்பது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். ஒருவர் 7 மில்லிமீற்றரில் தைக்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கமும் சேர்ந்து 2 மில்லிமீற்றர் கூடுதலாகப் போகிறது. பத்துச் சதுரத்துக்கு ஒன்பது தையல். வரிசை 18 மில்லிமீற்றர் குறைந்துவிட்டது. இரண்டு பேர் பங்குபோட்டுத் தைக்கும்போது ஒருவரின் வரிசையும் மற்றவரின் வரிசையும் பொருந்தாமல் போவது இதனால்தான். பிறகு இழுத்துப் பிடித்துத் தைத்து, போர்வையை ஓடம்போல வளைய வைத்துவிடுவார்கள். மெஷின் பாதத்தின் விளிம்பு சரியாக 6 மில்லிமீற்றரில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பல மெஷின்களில் கூடும். ஊசி இறங்கும் இடத்திலிருந்து அளந்து, தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் முட்டவிட்டுத் தையுங்கள். தொடங்குமுன் மூன்று சதுரத்தைச் சேர்த்துத் தைத்து, மினுக்கி, அளந்து பாருங்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை பதினெட்டரை அங்குலம் இருக்க வேண்டும். பதினெட்டேகால் என்றால் டேப்பை ஊசிப் பக்கமாக நகர்த்துங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் 130 சதுரத்தில் கைவைக்கிறவர்களுக்கு எங்களிடம் அனுதாபம் குறைவு.

பழைய கால்மிதி சிங்கர் மெஷின் வீட்டில் இருந்தால் வேறு மெஷின் தேட வேண்டாம். நேர்த்தையல் மட்டுமே தேவை. அதில் அதை மிஞ்ச முடியாது. தையல் நீளம் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீற்றர், ஊசி 80 அல்லது 90 எண், வேலை தொடங்கும்போது புது ஊசி.

வரிசைகளை மினுக்கும்போது அயனைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். முதல் வரிசையின் தையல் மேடுகள் எல்லாம் வலப்பக்கம் படுக்கட்டும், இரண்டாவதினுடையவை இடப்பக்கம், மூன்றாவது மறுபடி வலம். இரு வரிசையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பெருவிரலால் தடவிப் பாருங்கள்: எதிரெதிராகப் படுத்த மேடுகள் ஒன்றோடொன்று முட்டி, இனி நகராது என்று நிற்கும் ஓர் இடம் விரலுக்குத் தெரியும். அங்கே குண்டூசி. நான்கு மூலை ஒரு புள்ளியில் கூடுவதற்கு வேறு மந்திரம் இல்லை.

நிறங்களை அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் இருட்டு மொத்தமாகத் தேங்கி நின்றால் கலைத்துப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் கடதாசியில் இலக்கம் எழுதிக் குத்திவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

அடுக்குகளைச் சேர்ப்பது தரையில் நடக்கும் வேலை. அடித்துணியை நல்ல பக்கம் கீழாக விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குச் சுருங்கி, பின்பக்கமெல்லாம் கொசுவம் விழும். அதன் மேல் நடுத்துணி, அதன் மேல் மேற்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டு போய், நான்கு அங்குலத்துக்கொரு சேப்டி பின் குத்துங்கள். இந்த அளவுப் போர்வைக்கு 280, 300 பின் பிடிக்கும். அவ்வளவு இல்லாதவர்கள் நீண்ட தற்காலிகத் தையலாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிவைக்கலாம். பின் குத்திய போர்வையைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து, எடுத்த இடத்தில் மண்ணிறப் புள்ளி நிற்கும். அது போகாது.

மூன்றையும் பிடித்துத் தைக்கும் தையலை மெஷினில் போடுபவர்கள் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். தையல் நீளத்தை 3 மில்லிமீற்றராக்கி, பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடினால் மேல் துணி முன்னே தள்ளப்பட்டு ஒவ்வொரு குறுக்குத் தையலிலும் சின்ன மடிப்பு விழும். கையால் தைப்பவர்கள் முழங்கை நீளத்துக்குமேல் நூல் கோக்க வேண்டாம். நீண்ட நூல் துணியில் உரசி உரசிப் பஞ்சாகும். சதுரத்தின் தையலிலிருந்து கால் அங்குலம் தள்ளி உள்ளே ஓட்டுத் தையலாகப் போனால் தையல் மேட்டைக் குத்த வேண்டிவராது. அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் வந்தாலே நல்ல கை. அவை எல்லாம் ஒரே நீளமாக இருப்பதுதான் பெரிது, சின்னதாக இருப்பது பிறகு தானே வரும். நேரமே இல்லாதவர்களுக்கு முடிச்சுப் போர்வை உண்டு: ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் குரோஷே நூலை மூன்று அடுக்கையும் ஊடுருவி எடுத்து, இரட்டை முடிச்சிட்டு, ஓர் அங்குலம் விட்டு நறுக்குங்கள். ஃபிளனல் நடுத்துணிக்கு இது தாராளமாகத் தாங்கும்.

ஓரப்பட்டி இரண்டரை அங்குல அகலம், மொத்தம் 290 அங்குலம் வேண்டும். சேலை மிச்சத்தில் நீளவாக்கில் நான்கு வெட்டி இணைத்தால் சரி. அகலம் பாதியாகும்படி நீளவாக்கில் இரண்டாக மடித்து மினுக்கி, முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் முடியுங்கள். மூலை வருமுன் கால் அங்குலத்தில் தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்துக் கீழே இறக்கினால் மூலை கூராக நிற்கும்.

மெஷின் இல்லை, அளவுகோலோடு மல்லுக்கட்டவும் பொறுமையில்லை என்பவர்கள், கர்நாடகத்தில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்களின் ‘கவண்டி’ முறையைப் பார்க்கலாம். மேற்துணி என்று தனியாக ஒன்றை அவர்கள் தைப்பதில்லை. பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வைத்து, ஓட்டுத் தையலாலேயே பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. நடுவில் பஞ்சு இல்லாமலும் தைக்கலாம். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலையை அடுக்கித் தைத்ததுதான். நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்குப் பழைய நூற்சேலையை மடித்து விரிக்கிறோமே, அதிலிருந்து இதற்கு அதிக தூரமில்லை. கொழும்பு வெயிலுக்கு இந்த முறைகள்தான் பொருந்தும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பரிசு யாருக்கு என்பதைப் பொறுத்துச் சில எச்சரிக்கைகள். முப்பத்தோராம் நாளுக்குக் குழந்தைக்குக் கொடுக்கும் போர்வையை 36 அங்குலச் சதுரத்துக்கு மேல் பெரிதாக்க வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தூங்கும் பிள்ளையின் தொட்டிலில் தளர்ந்த போர்வை எதையும் வைக்கக்கூடாது, முகத்தை மூடி மூச்சுத் திணறலாம். தரையில் விரித்துப் பிள்ளையைக் கவிழ்ந்து விளையாட விடுவதற்கு என்று சொல்லியே கொடுங்கள். அதில் பொத்தான், முடிச்சு நூல், றிபன் எதுவும் கூடாது. பிடுங்கி வாயில் போடும்.

கலியாணத்துக்குக் கொடுக்கும் போர்வையில் அம்மாவின் கூறைச் சேலையிலிருந்து ஒரு துண்டு வைக்க ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் சரிகை தோலை உராயும், துவைத்தால் கறுக்கும். பழம் பட்டு மடிப்போரமாக இற்றுப் போயிருக்கும். பருத்திக்கு நடுவில் அந்தத் துண்டு முதலில் கிழிந்து, முழுப் போர்வையையும் கெடுக்கும். கூறையை ஒரு குஷன் உறையாகவோ கண்ணாடிச் சட்டத்துக்குள்ளோ வைத்துக் கொடுங்கள். இறந்துபோனவரின் உடுப்புகளில் தைக்கும் நினைவுப் போர்வை நெருங்கியவர்களுக்கு அருமருந்தாகலாம். அதே துணியை நல்ல காரியத்துக்குப் போகும் பரிசில் கலப்பதைச் சில வீடுகளில் விரும்ப மாட்டார்கள். இதை முன்கூட்டியே கேட்பதில் வெட்கமில்லை. கறுப்புத் துணியும் அப்படியே.

காரியாலயத்தில் ஒருவர் ஓய்வுபெறும்போது எல்லோரும் ஒவ்வொரு சதுரம் பூப்போட்டுக் கொடுப்பது இப்போது பரவுகிறது. சதுரத்தை நீங்களே ஏழரை அங்குலமாக வெட்டி, நடுவில் ஐந்து அங்குலக் கட்டம் கீறி, அதற்குள் மட்டும் வேலை செய்யும்படி கொடுங்கள். பூவேலை துணியைச் சுருக்கும். திரும்பி வந்தபிறகு ஆறரைக்கு நறுக்கிக்கொள்ளலாம். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் வெட்டிக்கொண்டு வரச் சொன்னால் பத்து அளவும் நைலோனும் வந்து சேரும்.

மூன்று நாளில் கலியாணம், ஒரு போர்வை தைத்துத் தருவீர்களா என்று வந்து நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெஷினில் மேற்துணி மட்டும் நின்று தைத்தாலும் இரண்டு மூன்று நாள் போகும். கையால் அடுக்குத் தையல் போடுவதென்றால் ஒரு மாதமாவது கொடுங்கள். அவசரமென்றால் நான்கு குஷன் உறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

போர்வையோடு ஒரு சிறு அட்டை வையுங்கள்: பச்சைத் தண்ணீர், ப்ளீச் வேண்டாம், ஈரத்தோடு ஒரு மூலையில் தூக்கித் தொங்கவிடாமல் இரண்டு கொடியில் பரப்பி நிழலில் காயவிடவும், பொலித்தீன் உறைக்குள் வைக்காமல் பழைய தலையணை உறைக்குள் மடித்து வைக்கவும். பொலித்தீனுக்குள் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதே துணிகளில் நான்கு சதுரம் மிச்சமாக உள்ளே வைத்தால் பின்னால் கிழியும்போது ஒட்டுப்போடலாம். தைத்தவர் பெயரும் ஆண்டும் பின்மூலையில் நூலால் எழுதப்பட்டிருக்கட்டும். பேனை மை நாலு துவைப்பில் போய்விடும்.

ஆசிரியரிடம் கேட்பது இரண்டு. இனி இப்படியான படம் போடும்போது சதுரத்தின் வெட்டு அளவு, தைத்த அளவு, துணி மீற்றர், நடுத்துணி வகை ஆகிய நான்கையும் படத்துக்குக் கீழே தாருங்கள். அச்சுச் சதுரத்தையே முழு அளவில் போடுவதாக இருந்தால் பக்கத்தில் ஓர் அங்குலக் கோடும் அச்சிடுங்கள். பக்கம் கட்டும்போது படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடுவார்கள். அந்தக் கோட்டில் அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் துணியில் கத்தரி வைப்போம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தையல் வேலைக்காரர் சிலர்
கொழும்பு